நாளைய தங்கத்துக்கு யார் விலை சொல்வது?

கோலார் தங்கவயல்காரர்களுக்குப் பேத்தமங்களா என்றால் தண்ணீர். பாலாற்றைத் தடுத்துத் தேக்கிய அந்தப் பெரிய ஏரியிலிருந்துதான் வெள்ளைக்காரர் காலத்தில் சுரங்கத்துக்கும், சுரங்கத் தொழிலாளியின் வீட்டுப் பானைக்கும் தண்ணீர் ஏற்றினார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் பிழைக்க வந்த தமிழர்கள், அந்தத் தண்ணீரைக் குடித்துத் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கினார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதுவரை வெளியே வந்த தங்கம் சுமார் 800 டன் என்பது கணக்கு.

பாறைக்குள் தங்கம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் 'ப்ராஸ்பெக்டிங்' என்று பெயர். இன்னும் முழுசாகத் தேறாத, ஆனால் நாளைக்குப் பெரிதாக வருவான் என்று நம்பப்படுகிற இளம் ஆட்டக்காரனையும் அதே வார்த்தையால் 'ப்ராஸ்பெக்ட்' என்கிறார்கள். இரண்டும் ஒரே மாதிரிச் சூதாட்டம்தான். மேலே தெரிவது வெறும் கல். உள்ளே இருப்பது தெரிய வேண்டுமானால் பணமும் பொறுமையும் வேண்டும். தோண்டிய பிறகு ஒன்றும் இல்லாமலும் போகலாம்.

இந்தச் சூதாட்டத்தை இந்திய ஹாக்கி இப்போது வெளிப்படையாகவே ஆடுகிறது. 2017க்குப் பிறகு ஏழு வருடங்கள் படுத்துக் கிடந்த ஹாக்கி இந்தியா லீக், 2024 டிசம்பரில் மறுபடி எழுந்தது. அதற்கு முன்னால், அக்டோபர் 13 முதல் 15 வரை டெல்லியில் ஏலம். ஆண்கள் பிரிவில் எட்டு அணிகள். ஒவ்வோர் அணிக்கும் கையில் நாலு கோடி ரூபாய். வாங்க வேண்டியது 24 பேர். அதில் குறைந்தது 16 பேர் இந்தியர்கள், 8 பேர் வெளிநாட்டவர். இந்தியர்களில் நாலு பேராவது ஜூனியர்களாக இருந்தே தீர வேண்டும். ஆரம்ப விலை இரண்டு லட்சம், ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று மூன்று படிகள்.

நாலு கோடியை 24ஆல் வகுத்தால் தலைக்குச் சுமார் 16 லட்சத்து 67 ஆயிரம் வருகிறது. ஆனால் யாரும் அப்படிப் பங்கு போடவில்லை. இந்தியக் கேப்டன் ஹர்மன்ப்ரீத் சிங்கை சூர்மா அணி 78 லட்சத்துக்கு எடுத்தது. ஏலத்தின் உச்ச விலை அதுதான். கிட்டத்தட்ட கைப்பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே ஆளுக்குப் போயிற்று. அபிஷேக்கை பெங்கால் டைகர்ஸ் 72 லட்சத்துக்கும், ஹார்திக் சிங்கை உ.பி. ருத்ராஸ் 70 லட்சத்துக்கும் வாங்கின. வெளிநாட்டவரில் கோன்ஸாலோ பெய்லட்டுக்கு ஹைதராபாத் 68 லட்சம் கொடுத்தது. நம் தமிழ்நாடு டிராகன்ஸ், நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு 54 லட்சம், அமித் ரோஹிதாஸுக்கு 48 லட்சம், அயர்லாந்து கோல் கீப்பர் டேவிட் ஹார்ட்டுக்கு 32 லட்சம் என்று செலவழித்தது.

பட்டியலைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ஹர்மன்ப்ரீத், பெய்லட், யான்சன், ரோஹிதாஸ், 48 லட்சத்துக்கு பெங்கால் அணிக்குப் போன ஜுக்ராஜ் சிங் என்று ஒரே ஜாதிக்காரர்கள் பலர் அதில் இருக்கிறார்கள். பெனால்டி கார்னரில் பந்தைச் சுழற்றி வீசும் டிராக் ஃபிளிக் நிபுணர்கள். இவர்களுக்கு ஏன் இத்தனை கிராக்கி?

விடை பாரிஸில் இருக்கிறது. 2024 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்திய அணி எட்டு ஆட்டங்களில் போட்ட கோல்கள் 15. அதில் ஹர்மன்ப்ரீத் ஒருவர் மட்டும் 10. மீதிப் பேர் எல்லோரும் சேர்ந்து ஐந்து. இப்படி ஒரு ஆள் இல்லாத அணி, எத்தனை அழகாக ஆடினாலும் கடைசியில் கையைப் பிசைந்துகொண்டுதான் வெளியேற வேண்டும்.

சரி, ஒரு ஃபிளிக்கரை வாங்கிவிட்டால் போதுமா? போதாது. கோல் எல்லைக் கோட்டிலிருந்து பந்தைச் சரியான வேகத்தில் தள்ளிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். வட்டத்துக்கு வெளியே அதை அசையாமல் நிறுத்த இன்னோர் ஆள் வேண்டும். இந்த இருவரில் ஒருவர் சொதப்பினாலும் 78 லட்சம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும். அதோடு விதி ஒன்று இருக்கிறது. ஹாக்கியில் எப்போது வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். ஆனால் பெனால்டி கார்னர் கொடுக்கப்பட்ட நொடியிலிருந்து அது முடியும்வரை மாற்றக்கூடாது. உங்கள் ஃபிளிக்கர் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது கார்னர் கிடைத்தால், அவர் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆகவே இரண்டு ஃபிளிக்கர்கள் தேவை. டிராகன்ஸ் யான்சனோடு ரோஹிதாஸையும் வாங்கியது ஆடம்பரம் என்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். அது ஆடம்பரம் இல்லை, கணக்கு.

ரோஹிதாஸுக்கு இன்னொரு வேலையும் தெரியும். எதிரணி கார்னர் அடிக்கும்போது கோல் கோட்டிலிருந்து பாய்ந்து ஓடி, சீறி வரும் பந்துக்கு நேரே உடம்பைக் கொடுக்கும் முதல் ஆள் அவர். பாரிஸ் காலிறுதியில் அவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, அடுத்த ஆட்டத்துக்கும் தடை விழுந்தது. ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் அவர் இல்லை. அந்த ஆட்டத்தில் ஜெர்மனிக்காக பெனால்டி கார்னரில் கோல் போட்டவர் இதே பெய்லட். இந்தியா 3-2 என்று தோற்றது. ஓர் இடம் காலியானால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆக, இன்றைக்கு ஆட வேண்டிய அணியை நிரப்பும்போது 'யார் பெரிய ஆள்?' என்று கேட்கக்கூடாது. 'நம்மிடம் எது இல்லை?' என்றுதான் கேட்க வேண்டும். இரண்டு பேருக்கு 1 கோடியே 2 லட்சம் கொடுத்துவிட்டால், மீதி 22 பேருக்குச் சராசரி பதின்மூன்றரை லட்சம்தான் மிஞ்சும். நட்சத்திரத்தின் மேல் ஆசைப்பட்டு ஐந்து முன்வரிசை வீரர்களை வாங்கிவிட்டு, இடது பக்கத் தற்காப்புக்கு ஆள் இல்லாமல் விழிக்கும் அணியை எந்தப் பயிற்சியாளரும் காப்பாற்ற முடியாது. குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது புதிதல்ல. மாதச் சம்பளத்தில் பட்டுப்புடவை வாங்கிவிட்டால் அரிசிக்கு எங்கே போவது?

இதுவரை சிக்கல் இல்லை. அந்த நாலு ஜூனியர்களிடம் வரும்போதுதான் சிக்கல்.

இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தவர்கள் வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கிக்காரர்கள். அவர்களுடைய என்.எச்.எல். லீக் 1917ல் தொடங்கியது. 1963லிருந்து 'டிராஃப்ட்' நடத்துகிறார்கள். அதில் ஏலம் கிடையாது. வருடா வருடம் பதினெட்டு வயதை எட்டும் பையன்களை அணிகள் வரிசையாக ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கின்றன. போன வருடம் கடைசியில் வந்த அணிகளுக்கு முன்னுரிமை. உச்சியில் யார் என்பதற்கு மட்டும் ஒரு குலுக்கல். பணக்கார அணியே நல்ல பையன்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க இந்த ஏற்பாடு.

அங்கே ஒரு பழைய விவாதம் உண்டு. தேர்வு முறை வரும்போது, அணியில் காலியாக உள்ள இடத்துக்கு ஏற்ற பையனை எடுப்பதா, அல்லது இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பவர்களில் திறமை மிகுந்தவனை எடுப்பதா? அனுபவசாலிகள் பெரும்பாலும் இரண்டாவது கட்சி. அவர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. பதினெட்டு வயதுப் பையன் பெரிய ஆட்டத்துக்குத் தயாராக மூன்று, நாலு வருடம் ஆகும். அதற்குள் இன்றைய காலி இடம் நிரம்பியிருக்கும்; வேறோர் இடம் காலியாகியிருக்கும். இன்றைய பசிக்கு நாளைக்குக் காய்க்கும் மரத்தை நடுவது எப்படிச் சரியாகும்?

1999 டிராஃப்டில் நடந்ததைக் கேளுங்கள். முதல் ஆளாக அட்லாண்டா அணி எடுத்த பாட்ரிக் ஸ்டெஃபான், காயங்களோடு போராடிச் சீக்கிரமே ஓய்வு பெற்றார். அதே டிராஃப்டில் டெட்ராய்ட் அணி, எல்லோரும் வேண்டாம் என்று விட்ட ஹென்ரிக் ஸெட்டர்பெர்க் என்ற ஸ்வீடன் பையனை 210வது ஆளாக எடுத்தது. அதற்கு முந்தைய வருடம் 171வது ஆளாக ரஷ்யாவின் பாவெல் தத்ஸ்யூக்கை எடுத்திருந்தது. இரண்டு பேரையும் அவசரப்படாமல் வளர்த்தார்கள். 2008ல் டெட்ராய்ட் ஸ்டான்லி கோப்பை வென்றபோது அணியின் முதுகெலும்பு இந்த இருவர்தான். 210வது இடத்தில் தங்கம் இருந்தது எப்படித் தெரிந்தது? ஹோகன் ஆண்டர்சன் என்ற ஒரு ஸ்கவுட், ஐரோப்பாவின் சின்னச் சின்ன ஊர்களில் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். ரகசியம் அவ்வளவுதான்.

இந்த இரண்டு விதமான கேள்வியையும் ஹாக்கி இந்தியா லீக் ஒரே மேஜையில், ஒரே மணிக்கு, ஒரே சுத்தியலால் தீர்க்கப் பார்க்கிறது. இருபது பேரைத் தேவை பார்த்து வாங்கலாம். நாலு ஜூனியர்களைத் திறமை பார்த்து, நாளைக்காக எடுக்க வேண்டும். ஆனால் ஏலத்தின் கடைசியில், பையில் சில்லறை மட்டும் மிஞ்சியிருக்கும்போது, பெயர் தெரிந்த ஜூனியர் யாராவது அகப்பட்டால் போதும் என்று கை தூக்குகிற ஆசை எந்த அணிக்கும் வரும். இடத்தை நிரப்பியதாகும், ஆளைக் கண்டுபிடித்ததாகாது.

அணிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாளைக்கு முதலீடு செய்ய வேண்டுமானால் நாளை என்று ஒன்று இருக்க வேண்டுமே! 2005ல் பிரீமியர் ஹாக்கி லீக் வந்தது. சென்னை வீரன்ஸ் என்று நமக்கும் ஓர் அணி இருந்தது. 2008க்குப் பிறகு அது இல்லை. 2012ல் உலக ஹாக்கி தொடர் என்று ஒன்று. சென்னை சீட்டாஸ் ஆடியது. ஒரே வருடத்தோடு அது முடிந்தது. 2013ல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக் 2017ல் நின்றது. மறுபடி எழுந்த பிறகும், இரண்டாவது சீசன் தொடங்குவதற்குள் 70 லட்சம் கொடுத்து ஹார்திக்கை வாங்கிய உ.பி. ருத்ராஸ் விலகிவிட்டது. அடுத்த வருடம் இருப்போமா என்று தெரியாத முதலாளி, நாலு வருடம் கழித்துப் பழுக்கப் போகும் பையனுக்கு எதற்குச் செலவு செய்வார்?

ஆனாலும் பையன்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எளிய குடும்பம். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் சேர்ந்து ஆட்டம் கற்றார். 2022 ஆசியக் கோப்பையில், ஜகார்த்தாவில், பாகிஸ்தானுக்கு எதிராகத் தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே கோல் போட்டார். இன்றைக்கு டிராகன்ஸ் சட்டை போட்டு ஆடியவர்களில் ஒருவர். கோவில்பட்டியில் செயற்கைத் தரை மைதானமும் விடுதியும், வருடந்தோறும் அகில இந்தியப் போட்டியும் இல்லையென்றால் அரியலூர்ப் பையனுக்கு அந்த ஜகார்த்தா கோல் ஏது? எந்த ஏலமும் அவரைக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்து, சாப்பாடு போட்டு, வளர்த்து முடித்த பிறகுதான் ஏலம் வந்தது.

தன்ராஜ் பிள்ளை கதையும் அதுவே. புனே அருகே கட்கியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலையை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பம். அப்பா மைதானத்தைப் பராமரிக்கும் தொழிலாளி. உடைந்த மட்டையைக் கயிற்றால் கட்டி ஆடிய பையன். அண்ணன் ரமேஷ் மும்பையில் ஆடிக்கொண்டிருந்ததால் அங்கே போக ஒரு வழி கிடைத்தது. மும்பை போனபின் மஹிந்திரா அணியில் இடமும் கிடைத்தது. பிறகு நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை. அண்ணன் மும்பையில் இல்லாமல் இருந்திருந்தால்? இந்திய ஹாக்கியின் மிகச் சிறந்த முன்வரிசை வீரர் ஒருவர், கட்கியின் ஏதோ ஒரு வேலைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்திருப்பார்.

தங்கவயலும் கட்கியைப் போல ஒரு தொழிற்சாலைத் தமிழ் ஊர்தான். வெள்ளைக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் விட்டுப்போன விளையாட்டு மோகம் அங்கே ஊறிக் கிடக்கிறது. சுரங்கம் மூடிய பிறகு ஊரில் பாதிப் பேர் விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். இந்திய ஹாக்கி அணி வழக்கமாகப் பயிற்சி முகாம் போடும் இடமும் அதே பெங்களூர்தான். பேத்தமங்களாவிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம். ஆனால் 2024 ஏலத்தில் கர்நாடகத்துக்கு ஆண்கள் அணியே இல்லை. தமிழ்நாட்டு அணியின் தேடல் ஓசூரோடு நின்றுவிட்டால், பேத்தமங்களாப் பையன் இரண்டு வரைபடத்துக்கும் வெளியே நிற்பான். தாராவிக்கும் கட்கிக்கும் இதே கதிதான்.

என்ன செய்யலாம்? மூன்று காரியங்கள் செய்யலாம்.

ஒன்று, ஜூனியர் இடங்களை ஏலத்திலிருந்து பிரித்துவிடலாம். அதற்கு டிராஃப்ட் வைக்கலாம். கடைசியில் வந்த அணி முதலில் எடுக்கட்டும். சம்பளம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். எடுத்த பையனை மூன்று வருடம் வைத்து வளர்க்கும் உரிமையும் கடமையும் அந்த அணிக்கே இருக்கட்டும். ஏற்கனவே அணிகள் பழைய வீரர்களைத் தக்க வைத்துக்கொள்ள 2025ல் வழி செய்தார்கள். அதை ஜூனியர்களுக்கு இன்னும் உறுதியாகச் செய்வதில் என்ன கஷ்டம்?

இரண்டு, ஒவ்வோர் அணியும் வருடத்துக்கு இத்தனை ஊர்களில் நேரில் போய்த் தேர்வு நடத்தியே ஆக வேண்டும் என்று விதி போடலாம். மண் தரையில் ஆடுகிற பையனின் மட்டை வேலையைப் பார்த்து ஏமாறவும் கூடாது, அவனுடைய தடுமாற்றத்தைப் பார்த்து ஒதுக்கவும் கூடாது. நீலத் தரையில் பந்து வரும் வேகம் வேறு. அதை ஆறு மாதத்தில் பழக்கிவிடலாம். பந்து மட்டையில் இல்லாத நேரத்தில் அவன் எங்கே ஓடுகிறான், பந்தைப் பறிகொடுத்த அடுத்த நொடி என்ன செய்கிறான், பந்து வருவதற்கு முன்னால் தலையைத் தூக்கிப் பார்க்கிறானா என்பவை பழக்க முடியாதவை. இவற்றைப் புள்ளிவிவரத் தாளில் படிக்க முடியாது. மைதான ஓரத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

மூன்று, வளர்த்தவனுக்குப் பங்கு. கால்பந்தில், ஓர் ஆட்டக்காரர் விலைக்குக் கைமாறும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரைப் பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்து மூன்று வயதுவரை பயிற்றுவித்த கிளப்களுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்பது ஃபிஃபாவின் விதி. அதே கணக்கில் 78 லட்சத்துக்கு 3 லட்சத்து 90 ஆயிரம் வருகிறது. ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூட ஹாக்கி அணிக்கு மட்டை, ஷூ, பந்து, ரயில் டிக்கெட், மாலையில் இரண்டு முட்டை எல்லாம் அதில் அடங்கும். ஏலத்தில் சுத்தியல் விழும்போது கைதட்டுகிறோமே, அந்தப் பையனுக்கு முதல் மட்டையைக் கொடுத்த உடற்பயிற்சி ஆசிரியருக்கு அதில் ஒரு காசாவது போக வேண்டாமா?

2025 பிப்ரவரி 1 அன்று ரூர்கேலாவில் நடந்த இறுதி ஆட்டத்தில், பெங்கால் டைகர்ஸ் ஹைதராபாத்தை 4-3 என்று வென்றது. ஜுக்ராஜ் மூன்று கோல் போட்டார். 48 லட்சம் வீண் போகவில்லை. தேவை அறிந்து வாங்குவது பலன் தரும் என்பதற்கு அது சான்று. டிராகன்ஸும் அரையிறுதிவரை வந்து ஷூட் அவுட்டில்தான் தோற்றது. அந்த வித்தையை நம் அணிகள் கற்றுக்கொண்டுவிட்டன.

கற்க வேண்டியது மற்றது. கோலாரில் 1880களின் தொடக்கத்தில் தோண்டிய கம்பெனிகளின் பணம் கரைந்தது. பலர் மூட்டை கட்ட இருந்தார்கள். இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம் என்று ஒரு கம்பெனி பிடிவாதமாக நின்றது. அப்போது அகப்பட்டதுதான் சாம்பியன் ரேகை. அதற்குப் பிறகு நடந்த 120 வருடச் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். தங்கவயலில் சயனைடு மேடுகளாகக் குவிந்து கிடக்கும் கழிவு மண்ணில்கூட இன்னும் தங்கம் மிச்சமிருக்கிறது என்று சொல்லி, அதை எடுக்கத் திட்டம் போடுகிறார்கள். மண்ணுக்குக் காட்டும் அந்தப் பொறுமையைப் பையன்களுக்கும் காட்டினால், அடுத்த ஏலத்தில் பேத்தமங்களா என்ற ஊர்ப்பெயரை ஏலம் விடுகிறவர் தட்டுத் தடுமாறிப் படிக்க வேண்டியிருக்கும். படிக்கட்டுமே!